மான் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரி, மசினகுடிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளையும் வெளியூரிலிருந்து வருகிறவர்களையும் இயற்கை நடைக்குக் கூட்டிப்போகிறேன். மானைப் பார்த்த அடுத்த நிமிடம் கேள்விகள் ஆரம்பித்துவிடும். நாம் அதற்குத் தெரிகிறோமா, என் சட்டை தெரியுமா, ராத்திரியில் ஏன் கண் மின்னுகிறது என்று. தேயிலைத் தோட்டத்து அக்காக்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், காட்டோரம் மக்காச்சோளம் போட்டிருக்கிறவர்கள் என்று எல்லோரும் கேட்பது திரும்பத் திரும்ப இவற்றைத்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. வெறுமனே 'மான்' என்று சொன்னால் புள்ளிமானையும் கடமானையும் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மானுக்குக் கலர் தெரியுமா, இல்ல பழைய படம் மாதிரி எல்லாமே கறுப்பு வெள்ளைதானா?

தெரியும், ஆனால் நமக்குத் தெரிகிற அத்தனை வகை தெரியாது. நிறம் பார்க்க நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. மானுக்கு இரண்டுதான். ஒன்று நீலத்தில், 450 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் நன்றாக வேலை செய்யும். இன்னொன்று பச்சையில், சுமார் 540-ல். சிவப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாவது வகை அதற்குக் கிடையாது.

அதனால் நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவாக வேறு வேறு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஒரே குடும்பத்து நிறம், ஒன்று கொஞ்சம் வெளிச்சமாக, ஒன்று கொஞ்சம் இருட்டாக. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்களே, அவர்கள் பார்க்கும் உலகம் இதற்குக் கிட்டே வரும். காட்டெருமை, யானை, பன்றி, ஆடு, மாடு, நாய், ஏன் புலிகூட இந்த இரண்டு நிறக் கூட்டம்தான்.

நமக்கு மட்டும் ஏன் மூணு? மானுக்கு அது குறைதானே?

குறை என்று எனக்குத் தோன்றவில்லை. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் பாலூட்டிகளின் முன்னோர்கள் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வந்தன. இருட்டில் நிறம் பிரித்துப் பார்ப்பதைவிட இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வீணாக்காமல் பிடிப்பதுதான் முக்கியம், அதனால் பல வகைக் கூம்பு செல்கள் கைவிட்டுப் போயின. பறவைகள் அப்படி இழக்கவில்லை, மயிலுக்கு இன்றும் நான்கு வகை. பிற்பாடு குரங்கினத்தின் ஒரு கிளையில் ஒரு மரபணு இரட்டித்து, மூன்றாவது வகை திரும்பக் கிடைத்தது. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளும் நாமும் அந்தக் கிளை. இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தையும் சிவந்த தளிரையும் கண்டுபிடிக்க அது உதவியது என்று சொல்கிறார்கள்.

மான் தின்பது புல்லும் தழையும். அதைக் கொல்ல வருவது பெரும்பாலும் விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் வரும். அதன் கண் அந்த வேலைக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது, நம்முடையதில் பாதி என்று நினைத்தால் கீழே வரும் பல விஷயங்கள் புரியாமல் போய்விடும்.

அண்ணா, மான்கிட்ட கேட்டா சொல்லுச்சு? இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

ஏழாம் வகுப்புப் பையன் கேட்டது, நல்ல கேள்வி. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மானை மயக்கத்தில் வைத்துக் கண்ணில் வெவ்வேறு அலைநீள ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையிலிருந்து வரும் மெல்லிய மின்துடிப்பை அளப்பது. எந்த ஒளிக்குத் துடிப்பு வருகிறது, எதற்கு வரவில்லை என்று பார்த்தால் எத்தனை வகைக் கூம்பு செல், எங்கே உச்சம் என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் ஜார்ஜியா, கலிபோர்னியா பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து வெள்ளைவால் மானிலும் ஃபேலோ மானிலும் இப்படி அளந்து 1994-ல் வெளியிட்டார்கள். முதல் பதிலில் நான் சொன்ன எண்கள் அங்கிருந்து வருகிறவை. இரண்டு மானுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்கள் வந்ததால், அதே குடும்பத்துப் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் அதுவே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

இன்னொரு வழி பழக்குவது. ஒரு நிற வெளிச்சம் வந்தால் தீனி, வராவிட்டால் இல்லை என்று பழக்கிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய் எது வரைக்கும் மான் கண்டுகொள்கிறது என்று பார்ப்பார்கள். நீலத்தில்தான் மானின் கண் மிகக் கூர்மையாக இருக்கிறது என்று இந்த முறையிலும் தெரியவந்தது.

புலி இவ்வளவு பளிச்சுனு ஆரஞ்சா இருக்கே, மானுக்கு அது கண்ல படாதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. முதல் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சும் பச்சையும் மானுக்கு ஒரே குடும்பம். அப்படியென்றால் புல்லுக்குள் படுத்திருக்கும் புலி மானுக்குப் புல் நிறத்தில்தான் தெரியும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதைக் கணினியில் போட்டுப் பார்த்து 2019-ல் எழுதினார்கள். இரு நிறக் கண்ணுக்கு ஆரஞ்சு நல்ல மறைவுதான் என்று வந்தது.

இதில் இன்னொன்று. புலி பச்சையாகவே பிறந்திருக்கலாமே என்று தோன்றும். பாலூட்டிகளின் ரோமத்தில் இரண்டே வகை நிறமிதான் உண்டு, ஒன்று கறுப்பு-பழுப்புப் பக்கம், மற்றது சிவப்பு-மஞ்சள் பக்கம். பச்சை செய்ய அதனிடம் சரக்கு இல்லை. மானும் அதைப் பிரித்துப் பார்க்காது என்பதால் பச்சைக்குத் தேவையும் இல்லாமல் போய்விட்டது. கறுப்புக் கோடுகள் உடலின் விளிம்பைத் துண்டு துண்டாக உடைத்துவிடும், நிழலும் புல்லின் தாளும் கலந்து கிடக்கும் இடத்தில் அது போதும். கோடைக் காலத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் காய்ந்த புல்லைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அப்போ நான் சிவப்புச் சட்டை போட்டுட்டுக் காட்டுக்கு வரலாமா?

நிறத்தை மட்டும் வைத்துச் சொன்னால், மானுக்குச் சிவப்புச் சட்டை மங்கலான பழுப்பாகத்தான் தெரியும். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்கக் கண்ணைக் கூசும் ஆரஞ்சு அங்கி போடுகிறார்கள், மான் அதைக் கண்டு ஓடுவதில்லை. (நம் நாட்டில் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மான் வேட்டை குற்றம். நான் எழுதுவதெல்லாம் பார்க்கப் போகிறவர்களுக்காக.)

சிவப்புச் சட்டையைவிட நீல ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. நமக்கு நீல ஜீன்ஸ் அடக்கமான நிறம், மானின் கண்ணிலோ காட்டில் வேறெங்கும் இல்லாத நிறம் நடந்து வருகிறது. காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை நல்லது. பறவை பார்க்கப் போகும்போது மட்டும் சிவப்புச் சட்டை வேண்டாம் என்பேன், முதலிலேயே சொன்னேனே, அவற்றுக்கு நான்கு வகை.

வெள்ளைச் சட்டை போடாதீங்கன்னு சொல்றீங்களே, அதுவும் கலர் பிரச்சினையா?

பாதி அது, பாதி சலவைத்தூள். இன்றைய சலவைத்தூள் பலவற்றில் துணி 'பளீர் வெண்மையாக'த் தெரிவதற்காக ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பி விடும். அந்த நீலம் மானின் நீலக் கூம்பு செல்லுக்கு மிகப் பக்கத்தில் விழுகிறது. போதாக்குறைக்கு மானின் கண்வில்லை, நம்முடையதைப் போலப் புற ஊதாவை முழுதாக வடிகட்டாமல் கொஞ்சம் உள்ளே விட்டுவிடுகிறது. பொழுது சாயும்போது வரும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு அதிகம், அந்த நேரத்தில்தான் மானும் சுறுசுறுப்பாக இருக்கும்.

பாட்டி காலத்துச் சொட்டு நீலம் வேறு, அது வெறும் சாயம், ஒளிராது. காட்டுக்குப் போடும் துணியைச் சாதாரண சோப்புக் கட்டியில் துவைத்து வைத்திருக்கிறேன்.

மானுக்குப் பின்னாடியும் கண்ணு தெரியும்கிறாங்களே, நிஜமா?

கிட்டத்தட்ட. கண்கள் தலையின் இரு பக்கமும் வெளியே தள்ளியபடி இருப்பதால், தலையைத் திருப்பாமலே சுற்றிலும் சுமார் 300 டிகிரி வரை பார்க்கும். நமக்கு 180-க்குக் கொஞ்சம் மேல். நேர் பின்னால் மட்டும் ஒரு குறுகிய இருட்டு.

இதற்கு அது கொடுக்கும் விலை இரண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் முன்பகுதி சிறியது, அதனால் தூரத்தை அளப்பதில் நம்மளவு தேர்ச்சி இல்லை. கூர்மையும் குறைவு, வெள்ளைவால் மானுக்கு நம்முடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிடுகிறார்கள். உங்கள் முகம் அதற்கு ஒரு மங்கலான திட்டுதான். ஆனால் அந்தத் திட்டு ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், உடனே தெரிந்துவிடும்.

கண்ணுக்குள்ள அந்தக் கறுப்பு ஏன் படுக்கை வசமா இருக்கு? பூனைக்கு நிக்கற மாதிரி இருக்கே.

இதைப் பார்க்க மான் வேண்டாம், வீட்டு ஆடு போதும். ஆடு, மாடு, மான் எல்லாவற்றுக்கும் கண்மணி நீண்ட படுக்கைக் கோடு. தொடுவானத்தை ஒட்டிய பரப்பிலிருந்து, பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக, அதிக வெளிச்சம் உள்ளே வரும். மேலே வெயில் கண்ணைக் கூசுவது குறையும். விழித்திரையிலும் செல்கள் நெருக்கமாக இருக்கும் இடம் அதே மாதிரி ஒரு படுக்கைப் பட்டையாகத்தான் ஓடுகிறது. ஆபத்து தரையோடு தரையாக வரும் என்று அந்தக் கண்ணே எழுதி வைத்த மாதிரி.

சரி, மேய்வதற்குத் தலையைக் குனிந்தால் கோடு செங்குத்தாகிவிடாதா? ஆகாது. 2015-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 214 தரைவாழ் விலங்குகளின் கண்மணி வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் இதுதான் என்னை அசத்திய விஷயம். ஆடு குனியும்போது கண் இரண்டும் அதனதன் குழிக்குள் 50 டிகிரிக்கும் மேல் சுழன்று கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. நாளைக்கே ஒரு ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அது தழை தின்னக் குனியும்போது கண்ணை மட்டும் பாருங்கள். இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று இருக்கும்.

கடமான் எதிர்ல அசையாம நின்னேன், என்னையே பாத்துச்சு, அப்புறம் தலையை மேலயும் கீழயும் ஆட்டுச்சு. எதுக்கு?

அது உங்களை அளந்துகொண்டிருந்தது. அசையாத உருவம் மரத்தோடு மரமாகப் போய்விடும், கூர்மை குறைந்த கண்ணுக்கு அதைப் பிரித்தெடுப்பது கஷ்டம். தலையை ஆட்டினால் பக்கத்தில் இருப்பது அதிகம் நகர்ந்த மாதிரியும் தூரத்தில் இருப்பது குறைவாக நகர்ந்த மாதிரியும் தெரியும். அதை வைத்து உருவத்தையும் தூரத்தையும் பிடிக்கப் பார்க்கிறது. சில சமயம் மேய்வதுபோலக் குனிந்துவிட்டுச் சட்டென்று நிமிரும், அப்போது நீங்கள் அசைந்தால் மாட்டிக்கொண்டீர்கள்.

அடுத்து முன்காலைத் தரையில் ஓங்கி உதைக்கும், வால் நிமிரும், பிறகு அந்த 'பாங்க்' என்ற உரத்த குரல் வரும். அது வந்துவிட்டால் பின்வாங்குங்கள், அதற்குமேல் நின்றால் அதைத் துன்புறுத்துவதுதான். இதற்கெல்லாம் முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். நீங்கள் சிலையாக நின்றாலும் உங்கள் வாடை காற்றில் போய்ச் சேர்ந்தால் கண்ணின் சாட்சி அதற்குத் தேவைப்படாது.

ஜீப்புல போனா பக்கத்துலயே மேயுது, இறங்கினா ஏன் ஓடுது?

தினமும் வந்துபோகும் ஜீப் அதற்குப் பழகிய ஒரு பெட்டி. இரண்டு கால், தோள், தலை என்ற நம் உருவம் பழகியதல்ல, பல தலைமுறையாகப் பயந்த உருவம். வண்டியை விட்டு இறங்கியவுடன் பெட்டியிலிருந்து அந்த உருவம் தனியாகப் பிரிந்து அசைகிறது. புலிகள் காப்பகத்துக்குள் இறங்கக் கூடாது என்ற விதி நம் பாதுகாப்புக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதன் நிம்மதிக்கும் சேர்த்துத்தான்.

ராத்திரி டார்ச் அடிச்சா கண்ணு ரெண்டும் நெருப்பு மாதிரி மின்னுதே, அது கண்ல இருந்து வர்ற வெளிச்சமா?

கண்ணிலிருந்து எதுவும் வருவதில்லை, உங்கள் டார்ச் வெளிச்சம்தான் திரும்பி வருகிறது. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. முதல் தடவை உள்ளே போகும்போது செல்கள் பிடிக்கத் தவறிய ஒளியை அது திருப்பி அனுப்பும், இரண்டாவது தடவை பிடிக்கலாம். இருட்டில் அது பெரிய லாபம். நமக்கும் குரங்குகளுக்கும் இந்தப் படலம் கிடையாது.

மின்னும் நிறத்தை வைத்து 'இது சிறுத்தை', 'இது மான்' என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கோணம் மாறினால் அதே கண்ணின் நிறம் மாறும். தரையிலிருந்து எவ்வளவு உயரம், இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எப்படி நகர்கிறது, இவைதான் கொஞ்சமாவது உதவும்.

பன்னிக்கு மட்டும் அப்படி மின்னலையே தம்பி? சோளத்துக்குள்ள நின்னா தெரியவே மாட்டேங்குது.

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் அக்கா. பன்றிக்கு அந்தக் கண்ணாடிப் படலம் இல்லை. இரவில் வந்து மேய்ந்தாலும் அது கண்ணை நம்பி வருவதில்லை, மூக்கை நம்பித்தான் வருகிறது. டார்ச்சைச் சுற்றிக் காட்டி 'கண்ணு எதுவும் மின்னல, பன்னி இல்ல' என்று வயலுக்குள் இறங்கிவிட வேண்டாம்.

சுத்திப் பழைய சேலை கட்டறோமே, எந்தக் கலர் கட்டினா பன்னி வராது?

மானைப் போலவே பன்றிக்கும் நீலம் ஒன்று, பச்சை-மஞ்சள் பக்கம் ஒன்று என இரண்டு வகைதான். பச்சைப் பயிருக்கு நடுவே சிவப்பு, ஆரஞ்சுச் சேலை கட்டினால் நமக்குத்தான் எடுப்பாகத் தெரியும். நீலமும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கட்டுங்கள், எடுபடும். அதைவிட முக்கியம், இழுத்துக் கட்டாமல் காற்றில் படபடக்கும்படி தொங்கவிடுவது. சேலையில் நம் வாடை இருக்கிற வரைக்கும் அதுவும் ஒரு காவல், இரண்டு மழையில் போய்விடும். ஒரே இடத்தில் ஒரே மாதிரி நின்றால் சில வாரத்தில் பழகிவிடும், அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யானையை எந்த நிறச் சேலையும் நிறுத்தாது.

பயிர் போகிற வலி எனக்குத் தெரியும். ஆனாலும் லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் இழுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அதில் யானைகள் செத்திருக்கின்றன, ராத்திரி தண்ணீர் கட்டப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

சார், ஹெட்லைட் பட்டதும் மான் ஓடாம நடு ரோட்லயே நிக்குதே, அதுக்கு அறிவில்லையா?

இரவில் மானின் கண்மணி அகலத் திறந்திருக்கிறது, மங்கலான வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் முழு வேகத்தில் வேலை செய்கின்றன, பின்னால் அந்தப் படலம் வேறு ஒளியை இரண்டாவது தடவையும் கொடுக்கிறது. அப்படிப்பட்ட கண்ணில் எல்இடி விளக்கு நேராக விழுந்தால் செல்கள் நிறைந்துபோய்விடும். மானுக்கு ஒரு வெள்ளைச் சுவரும் அதைச் சுற்றி முழு இருட்டும்தான். எந்தப் பக்கம் காடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாது. ஆபத்து புரியாதபோது உறைந்து நிற்பது அதைப் பல லட்சம் ஆண்டுகளாகக் காப்பாற்றிய வழக்கம், மறைந்திருந்து பாயும் சிறுத்தையிடம் அது பலித்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரிடம் பலிக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது: வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள், விளக்கைத் தாழ்த்துங்கள், ஹாரனை விட்டுவிடுங்கள், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுங்கள். கண் கொஞ்சம் தேறியதும் அதுவே போகும். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள், புள்ளிமான் தனியாக வருவது குறைவு, பின்னால் குட்டி இருக்கும். பந்திப்பூர் வழியில் 2009-லிருந்தும், சத்தியமங்கலம் திம்பம் சாலையில் 2022-லிருந்தும் இரவுப் போக்குவரத்தைத் தடுத்திருப்பது இந்தக் காரணத்துக்காகவும்தான். சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று வண்டி ஓட்டுகிறவர்கள் வருத்தப்படுவது நியாயம்தான். ஆனால் காலையில் சாலையோரம் கிடந்த பெட்டைமானையும் பக்கத்தில் நின்ற குட்டியையும் ஒரு தடவை பார்த்துவிட்டேன், அதன்பிறகு அந்தத் தடையை எதிர்த்து என்னால் பேச முடிவதில்லை.

சிவப்பு லைட் அடிச்சா மானுக்குத் தெரியாதாமே?

தெரியாது என்பதைவிட ரொம்ப மங்கலாகத் தெரியும் என்பது சரி. 640 நானோமீட்டரைத் தாண்டிய சிவப்பில் மானின் குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஏறக்குறைய கைவிட்டுவிடும். காட்டோரம் வீடு இருப்பவர்கள் கழிப்பறைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ போக வேண்டிவந்தால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளலாம், அதன் கண்ணுக்கும் கேடில்லை, நம் கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடத்தில் உங்களுக்கு முதலில் வழி தெரிய வேண்டும், அங்கே நல்ல வெள்ளை வெளிச்சத்தோடுதான் போக வேண்டும். காப்பகத்துக்குள் இரவில் விலங்குகள் மேல் எந்த விளக்கையும் அடிக்கக் கூடாது, சிவப்பானாலும்.

சிவப்புப் புடவை கட்டிட்டு வந்தா காட்டெருமை முட்டும்னு எஸ்டேட்ல சொல்றாங்க.

முட்டாது, நிறத்துக்காக முட்டாது. காட்டெருமையும் மாட்டினம்தான், அதற்கும் இரண்டு வகைதான். ஸ்பெயினில் காளைச் சண்டைக்காரர் பிடிக்கும் சிவப்புத் துணியால் வந்த நம்பிக்கை இது. அங்கேயும் காளையை இழுப்பது துணியின் ஆட்டம். சண்டையின் முன்பகுதியில் பிடிக்கும் பெரிய துணி இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும், அதன்மீதும் காளை அதே மாதிரித்தான் பாய்கிறது.

குன்னூர், கோத்தகிரியில் தேயிலைச் செடிக்கு நடுவே காட்டெருமையைத் தினம் பார்க்கிற அக்காக்கள் பயப்பட வேண்டியது திடீர்த் திருப்பத்துக்கு. வளைவில் அது எதிர்பாராமல் நீங்கள் முன்னால் போய் நிற்பது, கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, அதன் வழியை அடைப்பது. கொஞ்சம் முன்னாலிருந்தே பேசிக்கொண்டு வாருங்கள், அது நகர்ந்துகொள்ளும்.

யானைக்குக் கண்ணு சின்னது, அதனால நாம அதுக்கு மலை மாதிரி தெரிவோம், அதான் மனுசனுக்கு அடங்குது. சரிதானே?

எங்கள் தாத்தாவும் இதைச் சொல்வார். ஆனால் கண்ணின் அமைப்பில் அப்படி எதுவும் இல்லை. கண் சிறியதாகத் தெரிவது அந்தப் பெரிய முகத்தில் இருப்பதால்தான், விழி நம்முடையதைவிடப் பெரியதே. பொருள் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போடுவது மூளை. மரத்தையும் தன் குட்டியையும் சரியான அளவில் பார்த்துப் பழகுகிற யானை நம்மை மட்டும் பெருக்கிப் பார்க்க வழியில்லை. அது அடங்குவது பழக்கத்தாலும், பல சமயம் அடியாலும்.

யானை கிட்டத்தில் ஓரளவு நன்றாகப் பார்க்கும், மங்கல் வெளிச்சத்திலும் சமாளிக்கும். தூரத்துக்கு அது மூக்கையும் காதையும்தான் நம்புகிறது. துதிக்கையை வளைத்து உங்கள் பக்கம் நீட்டுகிறது என்றால் வாடை பிடிக்கிறது, நீங்கள் கிளம்ப வேண்டிய நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது.

யானைக்குச் சிவப்பு தெரியாதுன்னா, கென்யாவுல சிவப்புத் துணியைக் கண்டு யானை கோபப்பட்டுச்சுன்னு படிச்சேனே?

உண்மைதான், அது முரண்பாடும் இல்லை. கென்யாவின் அம்போசெலியில் செய்த ஆய்வு, 2007-ல் வெளியானது. அங்கே மாசாய் இளைஞர்கள் யானையை ஈட்டியால் குத்துவதுண்டு, அவர்கள் வழக்கமாகச் சிவப்புத் துணி போர்த்துவார்கள். சிவப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் யானைகள் முன் வைத்தபோது சிவப்பின் மேல்தான் கோபத்தைக் காட்டின. மாசாய் போட்டுக் கழற்றிய துணியின் வாடைக்கோ அவை பயந்து ஓடின.

'சிவப்பு தெரியாது' என்று சொல்வது நாம் உணரும் அந்தச் சிவப்பு அதற்கு இல்லை என்பதைத்தான். சிவப்பையும் வெள்ளையையும் பிரிக்க அந்த உணர்வு தேவையில்லை. இரண்டு வகைக் கூம்பு செல்லுக்கு வெள்ளை வெளிச்சமாக, எந்த நிறச் சாயலும் இல்லாமல் இருக்கும், சிவப்பு இருண்ட மஞ்சள்-பழுப்பாக இருக்கும். இரண்டும் வேறு என்று நன்றாகத் தெரியும். சிவப்பையும் அதே அளவு இருண்ட பச்சையையும் பக்கத்தில் வைத்திருந்தால்தான் அதற்குக் குழப்பம் வரும். ஈட்டி வந்த திசையில் இருந்த நிறம் எது என்பதை யானை தன் கண் கொடுத்த சொற்ப நிறத்திலேயே மனதில் வைத்திருக்கிறது.

மந்தி இருக்கிற மரத்தடியிலயே புள்ளிமான் நிக்குதே, பழம் விழும்னு மட்டும்தானா?

பழமும் தழையும் விழுவது ஒரு காரணம். இன்னொன்றை நீங்களே இப்போது சொல்லிவிடலாம். மந்திக்கு நம்மைப் போல மூன்று வகை. மானுக்குப் புல்லோடு புல்லாகத் தெரிகிற புலி, மரத்தின் மேலிருந்து பார்க்கும் மந்திக்குப் பச்சைக்கு நடுவே ஆரஞ்சாகத் தெரியும். மந்தி கத்தினால் மான் நிமிர்கிறது. கீழே மான் வாடை பிடித்துக் கத்தினால் தரைக்கு இறங்கிய மந்தி மரத்துக்கு ஓடுகிறது. ஒருவர் கண், ஒருவர் மூக்கு. முதுமலையில் தெப்பக்காட்டுப் பக்கம் இந்தக் கூட்டணியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

பனிப் பிரதேசத்து மானுக்குக் கண்ணோட நிறமே மாறுமாமே, கதையா?

கதையில்லை. நார்வேயின் வடக்கே இருக்கும் துருவமானுக்கு, கண்ணுக்குப் பின்னால் உள்ள அந்தக் கண்ணாடிப் படலம் கோடையில் பொன்னிறம், குளிர்காலத்தில் நீலம். அங்கே குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காது. கண்மணி மாதக்கணக்கில் விரிந்தே இருப்பதால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, படலத்தின் இழைகள் நெருங்கி, அது திருப்பும் ஒளி நீலமாகிவிடுகிறது. அந்திக் கருக்கலின் நீல வெளிச்சத்துக்கு அது பொருத்தம். இந்த ஆய்வு 2013-ல் வெளியானது.

துருவமானுக்குப் புற ஊதாவும் தெரியும். பனி அதைத் திருப்பி அடிக்கும், அது தின்கிற கற்பாசியும் ஓநாயின் ரோமமும் உறிஞ்சிக்கொள்ளும். நமக்கு வெள்ளைக்குள் வெள்ளையாகத் தெரியும் ஓநாய் அதற்குப் பனிமேல் கறுப்பாக நிற்கும். எங்கள் மலையில் புல்மேல் உறைபனி மட்டும்தான், இதைப் பார்க்க வழியில்லை, ஆனால் படித்த நாளிலிருந்து மறக்கவே முடியவில்லை.

போன்ல 'மான் பார்வை'ன்னு ஒரு ஃபில்டர் போட்டுப் பாத்தேன். மான் அப்படித்தான் பாக்குமா?

நிறத்தை மட்டும் ஓரளவு காட்டும். சிவப்பும் பச்சையும் எப்படி ஒன்றாகிப் போகின்றன என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க நானும் அதைக் காட்டுகிறேன். ஆனால் போன் கேமரா புற ஊதாவை வடிகட்டிவிடும், அதனால் மானின் கண்ணுக்குள் போகிற அந்தக் கொஞ்சப் புற ஊதா அதில் வராது. 300 டிகிரி உலகம் ஆறு அங்குலத் திரையில் அடங்காது. நமக்குக் கும்மிருட்டாக இருக்கும் நேரத்தில் மானுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதும் அதில் இல்லை.

கொஞ்சம் நெருங்கிப் போக ஒரு வழி இருக்கிறது. பொழுது சாயும்போது ஒரு புல்வெளி ஓரத்தில், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி, விளக்கு எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். எதையும் உற்றுப் பார்க்காமல், எதிரே ஒரு புள்ளியில் கண்ணை விட்டுவிட்டுக் கடைக்கண்ணில் வருவதை மட்டும் கவனியுங்கள். முதலில் சிவப்பு போகும், பிறகு பச்சையும் பழுப்பும் ஒன்றாகும், நீலச் சாயல் மட்டும் கடைசி வரை நிற்கும். உருவங்கள் மங்கும், ஆனால் ஓரத்தில் ஒரு புல் அசைந்தால்கூடத் திடுக்கென்று தெரியும். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை என் கையைத் தொட்டு, 'அண்ணா, அங்க ஏதோ இருக்கு' என்றாள். நான் நேராகப் பார்த்தும் எனக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து கேளையாடு என்கிற சின்ன மான் ஒன்று எழுந்து போனது.